கட்டினவன்தான் அவிழ்க்கணும்

"மாட்டைக் கொன்னது யாரும் இல்லப்பா. நம்ம பேரலுதான்."

மகள் அமுதவள்ளி போனில் இப்படிச் சொன்னபோது நல்லமுத்து திண்டிவனத்துக்கு வெளியே, பாதியில் நின்றுபோன ஒரு கல்யாண மண்டபக் கட்டடத்தில், சிமெண்டு மூட்டைகளுக்குக் காவல் உட்கார்ந்திருந்தார். கொரோனா என்று சொல்லி நாட்டைப் பூட்டி ஒரு மாசம் ஆகப் போகிறது. மேஸ்திரியும் சித்தாள்களும் முதல் நாளே ஊரைப் பார்த்து ஓடிவிட்டார்கள். அறுபத்தெட்டு வயசுக் கிழவரும் நாற்பது மூட்டையும்தான் மிச்சம்.

"என்னாடி உளர்ற?"

"உளறல. கன்னுக்குட்டிக்கும் அதே மாதிரி வந்திடுச்சி. கண்ணு தெரியாம சுவத்துல போயி முட்டுது. பல்லை நறநறன்னு கடிக்குது. மாட்டு டாக்டரு வந்தாரு. தண்ணி எதுல வெக்கிறன்னு கேட்டாரு, பேரலைக் காட்டுனேன். உள்ளாற சொரண்டிப் பாத்துட்டு, ஏம்மா இது பீங்கானுக்குப் பூசுற கிளேஸு கரைச்ச பேரலாச்சே, ஈயம் ஊறிக் கெடக்குதே, இதுல எவனாவது மாட்டுக்குக் கழனித்தண்ணி வெப்பானான்னு கண்டமேனிக்கு ஏசுனாரு."

மகள் நிறுத்தவில்லை.

"இன்னொண்ணுப்பா. பக்கத்து வூட்டு பாரதிக்கு ரொம்ப முடியல. ஒம்பதாம் மாசம் இல்ல? காலையில ஜன்னி கண்டிடுச்சி. கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்குது. கண்ணு தெரியலங்கறா. ஆம்புலன்ஸுல கடலூருக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க."

"எப்படி இழுத்துச்சுன்னு சொன்ன?"

"அதாம்ப்பா, நம்ம மாட்டுக்கு இழுத்துச்சே. அச்சு அசலா அப்படித்தான்."

"நான் வரேன்."

"எதுல வருவ? பஸ்ஸா ஓடுது?"

"கால்ல வரேன்."

"பாரதிக்காவ வரியாப்பா?" என்று மகள் ஆச்சரியமாகக் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிப் போனை வைத்தார். அது பொய்யில்லை. முழுசும் மெய்யுமில்லை.

நல்லமுத்து விருத்தாசலத்துப் பீங்கான் ஷெட்டுகளில் முப்பது வருஷம் சூளை அடுக்கினவர். யாரையும் நம்பமாட்டார். ரேஷன் கடைக்காரன் நிறுத்த அரிசியை மளிகைக் கடையில் கொடுத்து மறுபடி நிறுக்கச் சொல்வார். டாக்டர் எழுதின மாத்திரையை இரண்டு கடையில் காட்டி அதுதானா என்று கேட்பார். பெற்ற மகள் குழம்பு ஊற்றினாலும் கரண்டியை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார். சோழியன் குடுமி சும்மா ஆடாது என்பது அவருடைய வேதம். எவனாவது சிரித்துப் பேசினால் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார், சுருக்குப்பை இருக்கிறதா என்று.

போன தீபாவளிக்கு ஷெட்டுக்குப் பின்னால் தூக்கிப் போட்டிருந்த நீலப் பேரல் ஒன்றை அவர் உருட்டிக்கொண்டு வந்தார். பாரதியின் அப்பன், பக்கத்து வீட்டுக் கொளஞ்சிநாதன், அவனும் அச்சு வார்க்கிற வேலைக்காரன்தான், வாசலில் நின்று, "அண்ணே, அதுல மாட்டுக்குத் தண்ணி வெக்காதண்ணே. மருந்து ஊறுன பேரலு," என்றான். அதற்கு இவர் வைத்துக்கொண்ட அர்த்தம், பேரல் மேல் அவனுக்குக் கண் என்பது. புளி போட்டு இரண்டு தடவை தேய்த்துக் கழுவி, மாட்டுக்கு முன்னால் வைத்தார்.

தை மாசம் கடைசியில் மாடு செத்தது. இரண்டாம் ஈற்றுக் கலப்பின மாடு, வேளைக்கு ஆறு லிட்டர் கறந்தது, கண் குருடாகி, கொட்டகைச் சுவரில் மண்டையை முட்டி முட்டி, நுரை தள்ளி, விடிய ஆரம்பித்துப் பொழுது சாயும் வரைக்கும் துடித்துச் செத்தது. இது விஷம் என்று நல்லமுத்து தீர்மானித்தார். விஷம் வைத்தவன் யார் என்பதையும் தீர்மானித்தார். மாட்டுக்கு ஏதோ ஆகப் போகிறது என்று அவனுக்கு எப்படி முன்கூட்டியே தெரிந்தது? முருங்கைக் கன்றை மாடு கடித்தபோது, இன்னொரு தடவை வந்தால் நடக்கிறதே வேறு என்று சொன்னவனும் அவன்தானே. நல்லது சொன்னவனின் சொல்லே சாட்சியாகிப் போயிற்று.

போலீஸை நம்பாதவர், பஞ்சாயத்தை நம்பாதவர், நேரே மணவாளநல்லூருக்குப் போனார். கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது அந்தப் பக்கத்து ஜனங்களுக்குத் தெரிந்த வழக்கம். கோர்ட்டில் கொடுக்கிற மாதிரி சாமிக்குத் தாளில் புகார் எழுதி, எதிராளி யார், எந்த ஊர், கோயிலிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதுவரை குறித்து, சாமி காலடியில் வைத்து எடுத்து, முனியப்பர் சந்நிதி வேலில் கட்டிவிட வேண்டும். தொண்ணூறு நாளுக்குள் சாமி விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும். மனசு மாறினால் வாபஸ் வாங்கலாம். ஆனால் கட்டினவன்தான் அவிழ்க்கணும். அவன் மகளோ மகனோ போய்ச் சொன்னால் செல்லாது.

நல்லமுத்துவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். வெளியே ஒருத்தனைப் பிடித்து எழுதச் சொன்னார்.

"பேரு போடணுமா பெரியவரே? செஞ்சவன் யாருன்னு உனக்கே தெரியும் சாமின்னு போட்டுடலாம். நெறைய பேரு அப்படித்தான் போடுறாங்க."

"பேரைப் போடு. கொளஞ்சிநாதன். அப்பன் பேரு வையாபுரி. தெருவையும் போடு. சாமி வூடு மாறிப் போயிடக் கூடாது."

"என்னா தண்டனை கேக்குறீங்க?"

"எம் மாடு எப்படித் துடிச்சுச்சோ, அப்படி அவன் வூட்டுலயும் உசுரு துடிக்கணும்."

"ஒரு உசுருன்னு போடவா?"

"எண்ணிக்கை எல்லாம் எதுக்கு? சாமி பாத்துக்கும்."

அன்றைக்குப் போட்ட பிராது அது. கறவை போனதால் அடுத்த வாரமே திண்டிவனத்துக்குக் காவல் வேலைக்கு வந்துவிட்டார். இன்றைக்கு அறுபத்து மூன்றாம் நாள். இந்த விஷயம் அவருக்கும் எழுதினவனுக்கும் சாமிக்கும் மட்டும்தான் தெரியும்.

திண்டிவனத்திலிருந்து விருத்தாசலத்துக்கு நூறு கிலோமீட்டர், ஒன்று இரண்டு குறையலாம். ஒரு துண்டு, ஒரு சட்டை, பாட்டிலில் தண்ணீர், மடியில் கொஞ்சம் பொரிகடலை. சிமெண்டு மூட்டை கிடக்கிறபடி கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு நல்லமுத்து நடந்தார். சாமி இந்நேரம் விசாரணையை முடித்துவிட்டதா, இல்லை இன்னும் பாதியில் இருக்கிறதா? பாதியில் இருந்தால் ஓடிப்போய்த் தாளைப் பிடுங்கிக்கொள்ளலாம். அந்த ஒரே நினைப்பில் முதல் நாள் விக்கிரவாண்டிக்கு இந்தப் பக்கம் வரைக்கும் வந்துவிட்டார்.

அங்கே ரோட்டில் தடுப்பு போட்டு ஒரு பெண் போலீஸ் நின்றிருந்தாள். லத்தியைப் பார்த்ததும் நல்லமுத்து முதுகைத் தயார் பண்ணிக்கொண்டார்.

"எங்க தாத்தா?"

"சாவுக்கு."

"யாரு செத்தது?"

"இன்னும் சாவல."

அவள் முறைத்தாள். பிறகு இவர் முகத்தில் எதைப் பார்த்தாளோ, லத்தியைத் தடுப்பில் சாய்த்துவிட்டு, ஜீப்புக்குப் போய் ஒரு தண்ணீர் பாட்டிலும் இரண்டு தயிர்சாதப் பொட்டலமும் எடுத்து வந்தாள். நல்லமுத்து பாட்டிலை வாங்கி மூடியைத் திருகிப் பார்த்தார், முன்னாலேயே திறந்திருக்கிறதா என்று. பொட்டலத்தை மோந்து பார்த்தார்.

"குடி தாத்தா. விஷமெல்லாம் வெக்கல."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். இவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்துகொண்டு குடித்தார்.

"ரோட்டோரமாவே போ. வெயிலு சாய்ஞ்சப்புறம் நட. வழியில எவனாவது புடிச்சா, விக்கிரவாண்டியில விசாரிச்சு வுட்டுட்டாங்கன்னு சொல்லு," என்றாள். கும்பிடு போட்டுவிட்டு நூறு அடி தாண்டினதும் நல்லமுத்து திரும்பிப் பார்த்தார். பின்னால் ஆளை அனுப்பிப் பிடிக்கிற யோசனையோ? அவள் அடுத்த ஆளை நிறுத்திக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் விழுப்புரம் தாண்டினதும் செருப்பு வார் அறுந்தது. துண்டைக் கிழித்துக் கட்டி நடந்தார். தார் ரோடு பொரிந்தது. உள்ளங்கால் இரண்டிலும் கொப்புளம் கிளம்பி, உடைந்து, செருப்போடு ஒட்டிக்கொண்டது. போனும் செத்துவிட்டது. வழியில் ஒரு லாரிக்காரன் பிஸ்கட் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனான். ஒரு வீட்டு வாசலில் மோர்ப் பானையும் டம்ளரும் வைத்து, ஆள் யாரும் இல்லாமல் இருந்தது. ஏன் இப்படிச் சும்மா கொடுக்கிறார்கள்? எலெக்‌ஷனா வருகிறது? நினைத்து நினைத்துப் பார்த்தும் பிடிபடவில்லை. ஆனாலும் மோரை இரண்டு டம்ளர் குடித்தார்.

மூன்றாம் நாள் காலை அரசூர்ப் பக்கம், பாதி ஷட்டர் இறக்கின ஒரு பஞ்சர் கடைக்காரன் இவர் நொண்டுவதைப் பார்த்துவிட்டு, "ஐயா, நில்லுங்க," என்றான்.

நல்லமுத்து நிற்கவில்லை. அவன் ஓடி வந்து வழி மறித்தான். நாற்பத்தைந்து வயசு இருக்கும். கையெல்லாம் கிரீஸ்.

"கால்ல ரத்தம் வருது. உக்காருங்க."

"எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

"நான் கேட்டனா? உக்காருங்கன்னுதான சொன்னேன்."

கிட்னியைத் திருடுகிறவனும் இப்படித்தான் பாசமாகக் கூப்பிடுவான் என்று நல்லமுத்து கேள்விப்பட்டிருந்தார். ஆனாலும் கால் கேட்கவில்லை, தானாக மடங்கி உட்கார்ந்துவிட்டது. அவன் டியூப்பு முக்குகிற தொட்டித் தண்ணீரைத் தொடாமல், வீட்டுக்குள் போய்க் குடத்துத் தண்ணீர் கொண்டுவந்து காலைக் கழுவினான். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துத் தடவினான். பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றினான். நல்லமுத்து ஒரு கையால் சுருக்குப்பையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"எம் பேரு சுப்புராயன். உங்க பேரு என்னாங்கய்யா?"

"எதுக்கு?"

"கூப்புடத்தான்."

"கோவிந்தசாமி," என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"கோவிந்தசாமி ஐயா, இந்தச் செருப்பைப் போட்டுக்குங்க. என்னுதுதான். கொஞ்சம் பெருசா இருக்கும், துணி சுத்துனதுக்குச் சரியா இருக்கும். போனைக் குடுங்க, சார்ஜ் போடுறேன். அதுக்குள்ள ரெண்டு இட்லி சாப்பிடுங்க."

போனைக் கொடுக்க மனசு வரவில்லை. கொடுத்துவிட்டு, அதன் மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு இட்லியைத் தின்றார். போனுக்கு உயிர் வந்ததும் மகளைக் கூப்பிட்டார்.

"எங்கப்பா இருக்க? நேத்துலேர்ந்து போனு போவல, பயந்து செத்தேன்."

"பாரதிக்கு எப்படி இருக்குது?"

மகள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அடியே, சொல்லுடி."

"அறுத்து எடுத்தாங்கப்பா. ஆம்பளப் புள்ள. அழுவல."

"அழுவலன்னா?"

"இல்லப்பா. போயிடுச்சி."

"அவளுக்கு?"

"இன்னும் முழிக்கல. வலிப்பு ரெண்டு தடவ வந்திடுச்சாம். டாக்டருங்க ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாங்க. ஒரு ஆளுதான் கூட இருக்கலாமாம், அம்மாக்காரி செல்வநாயகி இருக்கா. புருசன் நந்தகுமாரு வெளியூருல மாட்டிக்கிட்டாரு. புள்ளையை வாங்கிக்கிட்டு அவ அப்பன் கொளஞ்சிநாதன் மட்டும் ஊருக்கு வரான், பொதைக்கறதுக்கு."

போனை வைத்த நல்லமுத்து அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். ஒரு உயிர் போய்விட்டது. சாமி கணக்கை முடித்துக்கொண்டதா? ஒரு உசுருன்னு போடவா என்று பிராது எழுதினவன் அன்றைக்குக் கேட்டான். போடு என்று சொல்லியிருந்தால் இத்தோடு நின்றிருக்கும். எண்ணிக்கை எதுக்கு என்று சொன்ன வாய் இது. தாள் இன்னும் வேலில்தான் கட்டியிருக்கிறது. எண் போடாத தாள்.

"யாருக்காச்சும் முடியலியாங்கய்யா?" என்றான் சுப்புராயன்.

"ம்."

"மவளா?"

நல்லமுத்து தலையை ஆட்டினார், ஆமாம் என்றும் இல்லை என்றும் இல்லாமல். சுப்புராயன் மிச்ச இட்லியை இலையில் கட்டிக் கொடுத்தான். "கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போவணும்," என்று நல்லமுத்து தானாகச் சொன்னார்.

"எல்லாக் கோயிலும் பூட்டிக் கெடக்குதேங்கய்யா. தெரியாதா?"

"சாமியைப் பூட்டறதுக்கு இவனுங்க யாரு?"

"அது சரிதான். ஆனா பூட்டிட்டானுங்களே," என்றான் சுப்புராயன். பிறகு, "பாத்துப் போங்க, கோவிந்தசாமி ஐயா," என்று கை தூக்கினான்.

பொய்ப் பேரைச் சொல்லி அவன் அத்தனை அன்பாகக் கூப்பிட்டது நல்லமுத்துவுக்கு உறுத்திக்கொண்டே வந்தது. திரும்பிப் போய் என் பேரு நல்லமுத்து என்று சொல்லலாமா என்றுகூட நினைத்தார். நேரமில்லை. அன்று பொழுது சாய உளுந்தூர்பேட்டையைத் தாண்டினார்.

நான்காம் நாள் காலையில் மங்கலம்பேட்டைக்கு முன்னால் ஒரு வேப்பமரத்தடியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. உட்காருகிறோம் என்று நினைத்தார். விழுந்திருந்தார். முகத்தில் தண்ணீர் பட்டுக் கண்ணைத் திறந்தபோது, ஆறடி தள்ளி ஒரு அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, செம்போடு நின்றிருந்தாள். அறுபது வயசு இருக்கும். பின்னால் ஓட்டு வீடு, கொட்டகையில் இரண்டு மாடு.

"கொரோனாவா பெரியவரே?"

"இல்லம்மா. நடந்து வரேன்."

"எங்கேர்ந்து?"

சொன்னார். "அடக் கடவுளே," என்று அவள் உள்ளே போய்க் கேழ்வரகுக் கூழைக் கரைத்துக்கொண்டு வந்தாள். கையை ஏந்தச் சொல்லி, தள்ளி நின்றபடியே உயரத்திலிருந்து ஊற்றினாள். இரண்டு கையையும் குவித்து மாடு மாதிரி உறிஞ்சினார். வயிறு குளிர்ந்ததும் அழுகை வந்துவிட்டது. ஏன் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. மாடு செத்தபோதுகூட அழாதவர்.

"அழுவாதீங்க. யாருக்கு என்னா?"

திரௌபதி என்று பேர் சொன்ன அந்த அம்மாளிடம் நல்லமுத்து எல்லாவற்றையும் சொன்னார். பேரல், மாடு, பிராது, எழுதின வாசகம், செத்த குழந்தை, முழிக்காத பெண். பெற்ற மகளிடம் சொல்லாததை, முன்பின் பார்க்காத பெண்பிள்ளையிடம், ரோட்டோரத்தில், கூழ் வடிகிற கையோடு.

திரௌபதி முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"புள்ளத்தாச்சிப் பொண்ணு இருக்கற வூடுன்னு தெரிஞ்சா கட்டுன?"

"தெரியும். ஏழாம் மாசம்."

"த்தூ! நீ எல்லாம் மனுசனா? உனக்குப் போயிக் கூழு ஊத்துனேன் பாரு."

செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. இதுதான் எனக்குப் புரிகிற உலகம் என்று நல்லமுத்துவுக்கு ஒரு பக்கம் நிம்மதியாகக்கூட இருந்தது. மரத்தைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. மறுபடி முயன்றார்.

கதவு திறந்தது. திரௌபதி ஒரு மூங்கில் கழியும், துணியில் கட்டின சோறும், ஒரு செம்பு மோரும் கொண்டுவந்து தரையில் வைத்தாள். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

"குடி. சோத்தை வழியில தின்னு. கழியை ஊனிக்க. உக்காந்து ஒப்பாரி வெக்காத, ஓடு. அந்தப் பொண்ணு உசுரு உங் கால்ல இருக்குது. நீ இங்க செத்துத் தொலைஞ்சின்னா அதை யாரு போயி அவுக்கறது?"

"தாயே..."

"தாயே கீயேன்னா கழியைப் புடுங்கிக்குவேன். எழுந்திரு."

மோரைக் குடித்துவிட்டு எழுந்தார். அவள் அங்கேயே இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அவர் வளைவு திரும்புகிற வரைக்கும் விரட்டுகிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றாள்.

பகல் ஒரு மணிக்கு விருத்தாசலம் எல்லை தெரிந்தது. இவர் போட்ட திட்டம் இது: தெருப்பக்கம் போகாமல், ஊரைச் சுற்றி மணவாளநல்லூர் போவது, யாருக்கும் தெரியாமல் பிராதை அவிழ்ப்பது, பிறகு ஒன்றும் தெரியாதவர் மாதிரி வீட்டுக்கு வருவது. ஆனால் எல்லையிலேயே ஒரு டிவிஎஸ் வண்டி வந்து நின்றது. முகத்தில் துண்டு கட்டியிருந்தவன் வண்டியை ஸ்டாண்டு போடாமல் அப்படியே சாய்த்துவிட்டு ஓடி வந்தான்.

"அண்ணே!"

கொளஞ்சிநாதன். நாலு நாள் தாடி. கையில், நகக்கண்ணில், புது மண்.

"அமுதா சொன்னா. நான் நம்பல. திண்டிவனத்துலேர்ந்து நடந்தா வந்த? பாரதிக்காவவா?" குனிந்து இவர் காலைப் பார்த்தான். துணி முழுக்க ரத்தம் காய்ந்திருந்தது. கீழேயே உட்கார்ந்து, அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். "கூடப் பொறந்தவன் வரலண்ணே. கொரோனான்னு எட்டிக்கூடப் பாக்கல. புள்ளையை நான் ஒருத்தனே தூக்கிட்டுப் போயி, நானே குழி வெட்டி... நாம ரெண்டு பேரும் ஒரு வருசமா பேச்சு வார்த்தை சரியில்ல. நீ வந்துட்டியேண்ணே."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அழுது முடிக்கட்டும் என்று விட்டு, வீட்டுக்குப் போய்ப் படுத்து, நாளைக்கு மெதுவாகக் கோயிலுக்குப் போயிருக்கலாம். எல்லாரும் மெச்சியிருப்பார்கள், நூறு கிலோமீட்டர் நடந்து வந்த மனுஷன் என்று. ஆனால் நாளைக்கு என்றால் அந்தப் பெண் இருக்குமா? கால் இதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்காது. இருக்கிற ஒரே வண்டி அவனுடையது.

"என்னை மணவாளநல்லூரு கூட்டிட்டுப் போ. இப்பவே."

"கோயிலு பூட்டியிருக்குதுண்ணே. பாரதிக்காவ வேண்டிக்கிட்டியா?"

"பிராதை எடுக்கணும்."

"பிராதா? யாரு மேல கட்டுன?"

"உம் மேல."

கொளஞ்சிநாதன் காலிலிருந்து கையை எடுக்கவில்லை. நிமிர்ந்து மட்டும் பார்த்தான்.

"மாட்டுக்கு நீதான் விஷம் வெச்சன்னு கட்டுனேன். நீ வெக்கல. பேரலு. நீ சொன்ன, நான்தான் கேக்கல."

"என்னான்னு எழுதுன?"

"எடுத்துடலாம் வா..."

"என்னான்னு எழுதுனன்னு கேட்டேன்."

நல்லமுத்து சொன்னார். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். கொளஞ்சிநாதன் இப்போது கையை எடுத்தான். வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"எத்தினி உசுருன்னு போட்ட?"

"போடல."

ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. கொளஞ்சிநாதன் எழுந்து போய் வண்டியை நிமிர்த்தினான். அடிப்பான் என்று நல்லமுத்து எதிர்பார்த்தார். அடித்திருந்தால் தேவலை.

"ஏறு," என்றான்.

கோயில் வாசலில் இரும்புக் கதவு பூட்டியிருந்தது. உள்ளே இருந்து ஒரு காவல்காரர் வந்து, சாவி தன்னிடம் இல்லை, அரசாங்க உத்தரவு, திறந்தபிறகு வாங்க என்று கும்பிட்டுச் சொன்னார். கொளஞ்சிநாதன் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. நல்லமுத்துவைக் கைத்தாங்கலாக இறக்கி, கதவுவரை இழுத்துக்கொண்டு போய், பின்கழுத்தைப் பிடித்துக் கம்பியில் முகம் படுகிற மாதிரி அழுத்தினான். கம்பி வெயிலில் காய்ந்து சுட்டது.

"சொல்லு."

"கொளஞ்சியப்பா, நான் நல்லமுத்து. மாசி மாசம் பிராது கட்டுனவன். பேரு தப்பு சாமி. பேரலை வெச்சவன் நான். இவன் வெக்காதன்னுதான் சொன்னான். பிராதை எடுத்துக்கிட்டேன்."

"சத்தமா. முனியப்பருக்குக் கேக்கணும்."

"எடுத்துக்கிட்டேன் சாமி! எடுத்துக்கிட்டேன்!"

"நீதான் எண்ணிக்கை போடலியே. இப்ப போடு. எங்க வூட்டு ஆளுங்களைப் பேரு பேரா சொல்லி வுட்டுடச் சொல்லு."

"பாரதியை வுட்டுடு சாமி. செல்வநாயகியை வுட்டுடு. மருமவப்புள்ள நந்தகுமாரை வுட்டுடு. கொளஞ்சிநாதனை வுட்டுடு. உசுரு வேணும்னா என் உசுரை..."

"பேரம் பேசாத. உன்னுதை யாரு கேட்டா? பாரதியைச் சொல்லு."

"பாரதியை வுட்டுடு."

காவல்காரர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கொளஞ்சிநாதன் ஒரு கையால் போனை எடுத்து, கடலூரில் இருக்கிற மனைவியைக் கூப்பிட்டுக் காதில் வைத்துக்கொண்டான். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டான். நல்லமுத்துவின் குரல் கம்மி, நின்றுபோயிற்று.

கழுத்தில் இருந்த கை இறுகியது.

"நிறுத்தாத," என்றான் கொளஞ்சிநாதன். "அவ போனை எடுக்கற வரைக்கும் சொல்லு."